குஞ்சம்மாளுக்குள் குடியிருந்த துரை

லுபோர் துரை குஞ்சம்மாளைப் பிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தபோது. திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் தொழிற்சாலை கட்ட வந்த செக் நாட்டுக்காரர்களில் ஒருவரான அவர் மஞ்சள் காமாலையில் செத்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குழவி சுற்றுவதை நிறுத்திய குஞ்சம்மாள், மாவு ஒட்டிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாளைப் பார்த்து ஆம்பளைக் குரலில் நீளமாக ஏதோ சொன்னாள். செபஸ்தியம்மாளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் குரல் யாருடையது என்பதில் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் சந்துக்கு வந்து மோர் வாங்கிக் குடித்த குரல். அவள் கீரையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, துரை வந்திருக்கிறார் என்று குஞ்சம்மாளின் புருஷன் சிவக்கொழுந்துக்குச் சொல்லியனுப்பினாள்.

இலந்தைமரச் சந்தில் யாரும் இதற்காகப் பதறவில்லை. பேய் பிடிப்பது அந்தப் பக்கத்தில் காய்ச்சல் வருவது மாதிரிதான். பிடித்தது யார், எந்த ஊர், என்ன தின்னும் என்று தெரிந்துகொண்டால் அப்புறம் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிடித்தது வெள்ளைக்காரர் என்பது மட்டும் புதிது. அதிலும் அவர் பேயே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் என்பதுதான் சந்துக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பை வரவழைத்தது.

துரையின் வாழ்க்கை அப்படிப்பட்டது. தம் நாட்டில் நாவல்களை மொழிபெயர்த்துப் பிழைத்தவரை, ஆறு மொழி தெரியும் என்பதற்காக அந்த நாட்டு அரசாங்கம் தொழிற்சாலைக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்பி வைத்தது. கூட்டம் என்று ஒன்று கூடிவிட்டால் கடவுளும் இல்லை பேயும் இல்லை, உலகத்தை நடத்துவது நீராவிதான் என்று மேசையைத் தட்டிப் பேசுவார். பேசி முடித்த கையோடு சிவக்கொழுந்து வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மை போட்டுப் பார்ப்பது எப்படி என்று கேட்பார். சட்டைக்கு வெளியே அரிவாள் சுத்தியல் போட்ட கட்சிச் சின்னம் குத்தியிருக்கும், உள்ளே மந்திரித்த செப்புத் தகடு தொங்கும். மலைக்கோட்டைக்குப் படியேறுவது உடற்பயிற்சிக்காக என்று சொல்லிக்கொண்டே உச்சிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இறங்குவார். மொழிபெயர்ப்பிலும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. எழுதியவன் வைத்த முடிவை அப்படியே விட்டால் அவனுடைய ஆவி புத்தகத்துக்குள் அடைபட்டுப் போகும், அதனால் கடைசி அத்தியாயங்களை மாற்றிவிடுவதுதான் மொழிபெயர்ப்பாளன் செய்யும் புண்ணியம் என்பார். அப்படி அவர் புண்ணியம் செய்த ஆசிரியர்களில் உயிரோடிருந்தவர்கள் அவர்மேல் புகார் எழுதினார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஏற்ற சிநேகிதர்தான் சிவக்கொழுந்து. பகலில் தொழிற்சாலையில் துரைக்கு உதவி மொழிபெயர்ப்பாளர்; செவ்வாயும் வெள்ளியும் அப்பா வழியில் வந்த பேயோட்டும் தொழில். மிச்சமிருந்த நேரத்தில், துரையிடம் கற்றுக்கொண்ட மொழியை வைத்துக்கொண்டு, ஒரு தலையணை கனமுள்ள செக் நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். புருஷன் கப்பலேறிப் போய்விட, மலையூர் ஒன்றில் பீர் ஆலையைத் தனியாளாக நடத்தும் ஒருத்தியின் கதை அது. தமிழுக்கு இது வந்து சேர்ந்தால் தம் பேர் நிலைத்துவிடும் என்று சிவக்கொழுந்து நம்பினார். துரை செத்தபோது நாவல் பாதியில் நின்றுபோனது, ஏனென்றால் அந்த மொழிக்குத் தமிழில் அகராதி என்று இருந்தது துரை ஒருவர்தான். சிவக்கொழுந்து சிநேகிதருக்காக ஒரு நாள் அழுதார், ஒன்பதாம் அத்தியாயத்துக்காக ஒரு மாதம் அழுதார்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை அவர் வேப்பிலையும் உடுக்கையுமாக ஓடிவந்து மனைவிக்கு எதிரே உட்கார்ந்தபோது முகத்தில் கவலையோடு வேறு ஒன்றும் கலந்திருந்தது. முறைப்படி முதலில், யார் நீ, எந்த ஊர், என்ன வேண்டும் என்று அதட்டினார். தமிழில் பதில் வரவில்லை. உயிரோடிருந்தவரை ஆறு மொழி பேசியவர் செத்த பிறகு தாய்மொழியைத் தவிர எதையும் பேச மறுத்தார். அதனால் பேயோட்டுகிறவரே பேய்க்கு மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டியதாயிற்று.

“பேய், ஆவின்னு சொல்றதெல்லாம் மூடநம்பிக்கை, விஞ்ஞானத்துக்கு விரோதம்னு சொல்றாரு,” என்றார் சிவக்கொழுந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்து.

“அப்ப இவ உடம்புல ஒக்காந்து பேசுறது யாருன்னு கேளுங்க,” என்றாள் செபஸ்தியம்மாள்.

கேட்டார். “அதத்தான் ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்காராம்.”

இதற்குமேல் உடுக்கையை எடுத்து அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சிவக்கொழுந்து, கேட்டு வைப்போமே என்று, ஒன்பதாம் அத்தியாயத்தில் பீர் ஊறலின் மேலே படியும் ஆடைக்குப் போட்டிருக்கும் சொல்லுக்குச் சரியான அர்த்தம் என்ன என்று கேட்டார். துரை விலாவாரியாகப் பதில் சொன்னார். சிவக்கொழுந்து வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். உடுக்கை அன்றைக்கே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அதற்கப்புறம் துரை வெள்ளிதோறும் வந்தார், பிறகு செவ்வாயும் வந்தார், போகப்போக மத்தியானச் சாப்பாடு முடிந்தால் வந்துவிடுகிறார் என்று ஆயிற்று, சந்தும் அவரை வைத்துக்கொண்டு பிழைக்கப் பழகிவிட்டது. பேய்க்கென்று வழக்கமாக வைக்கும் கருவாட்டையும் சுருட்டையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முட்டைக்கோஸ் கேட்டதால், சந்தை வியாபாரி வெள்ளிக்கிழமைக்கு ஒரு கூடை கூடுதலாக இறக்கினான். பிள்ளையார் கோவில் குருக்கள் குஞ்சம்மாளுக்குப் பிரசாதம் கொடுக்கலாமா என்று யோசித்து, காலையில் வந்தால் அவள், மத்தியானத்துக்கு மேல் வந்தால் அவர் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, காலையில் மட்டும் கொடுத்தார். செபஸ்தியம்மாள் பங்குச் சாமியாரிடம் துரை ஞானஸ்நானம் வாங்கியவர்தானா என்று விசாரிக்கப் போய், கட்சிக்காரர் என்று தெரிந்ததும் துரைக்கென்று எடுத்துப்போன ஜெபமாலையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். தொழிற்சங்கத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது: தோழர் என்பதால் மே தினத்துக்குக் கூப்பிட வேண்டும், பேய் என்பதால் கூப்பிடக் கூடாது, கடைசியில் குஞ்சம்மாளை நட்பு நாட்டின் கலாச்சாரப் பிரதிநிதி என்று அறிவித்து மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள், பேய் நீராவியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியது. செக் பொறியாளர்கள் ஜீப்பில் வந்தார்கள். பேயில் நம்பிக்கையில்லாதவர்கள் என்பதால், தாய்மொழி மறந்துவிடாமலிருக்கப் பேசிப் பழக வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, குழாய் வரைபடத்தில் சந்தேகமும், ஊரில் விட்டுவந்த பெண்டாட்டி ஒழுங்காக இருக்கிறாளா என்ற சந்தேகமும் கேட்டுப் போனார்கள். வரும்போது பீர் பாட்டில் கொண்டுவருவார்கள். தபால்காரரைப் பார்த்துச் சந்துப் பிள்ளைகள் “தோப்ரி தென்” என்று வணக்கம் வைக்க, அவரும் பதிலுக்கு வைத்துவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் துரையால் ஏதோ ஒரு லாபம் இருந்தது, குஞ்சம்மாளைத் தவிர. சாயங்காலம் அவள் தன் உடம்புக்குத் திரும்பி வரும்போது வாயில் பீர் நாற்றமும் வயிற்றில் முட்டைக்கோஸும் இருக்கும். கூடத்துத் தரையில் தன் கையாலேயே துரை கோலமாவில் போட்டுவைத்த வட்டமும் முக்கோணமும் கிடப்பதைக் கூட்டிப் பெருக்குவாள். மேடையில் தனக்கு விழுந்த மாலையைப் பற்றிச் செபஸ்தியம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். சில மாதம் கழித்து ஒரு மாற்றம் வந்தது: துரை பேசும்போது அவளுக்கும் உள்ளேயிருந்து கேட்க ஆரம்பித்தது, கூடத்தில் விருந்தாளிகள் பேசுவது அடுக்களையில் நிற்கிறவளுக்குக் கேட்பது போல. முதலில் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு வார்த்தை பிரிந்தது, பிறகு அர்த்தமும் புரிந்தது. அப்போதுதான் அவள் தன் புருஷனை முதல்முதலாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து “இந்தா” என்றும் “ஏய்” என்றும் மட்டுமே கூப்பிட்ட மனுஷன், துரை வந்துவிட்டால் காலை மடக்கி உட்காருகிறார், காப்பி ஆற்றிக் கொடுக்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். தன்னுள் உட்கார்ந்திருப்பவர் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லப்போனால் வயிறெரிந்தது.

துரையை ஓட்டிவிடச் சொல்லி அவள் கேட்காமல் இல்லை. கேட்டபோதெல்லாம் சிவக்கொழுந்து அமாவாசை வரட்டும் என்றார், ஆடி கழியட்டும் என்றார், அந்நிய நாட்டுப் பேய்க்கு அவசரப்படக் கூடாது என்றார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பொன்மலையிலிருந்து கூட்டிவந்த ஒரு பெண்ணை அவர் புளியமரத்தடியில் உட்கார வைத்து, அவள் உச்சிமுடியில் ஒரு கற்றையைப் பிடித்து, என்ன வேண்டும் என்று பேயிடம் கேட்டு, கேட்டதைக் கொடுப்பதாகச் சத்தியம் பண்ணி, முடியை ஆணியில் சுற்றி மரத்தில் அடித்து, அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டுக் கையைக் கழுவியதைக் குஞ்சம்மாள் தண்ணீர்ச் செம்போடு நின்று பார்த்தாள்.

“எனக்கும் அதே மரந்தானே, அதே ஆணிதானே?” என்று கேட்டாள்.

அவர் செம்பை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இன்னும் நாலு அத்தியாயந்தான், குஞ்சு.”

கல்யாணமானதிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது அவளுக்கு வலித்தது.

தொழிற்சாலை வேலை முடிந்து, ஒப்பந்தப்படி செக் நாட்டுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். கடைசி ஜீப் கிளம்பிய அன்று மத்தியானம் குஞ்சம்மாள் வழக்கம்போல் கூடத்தில் உட்கார்ந்தாள், சந்துப் பெண்கள் முட்டைக்கோஸ் பொரியலோடு வந்தார்கள், சிவக்கொழுந்து பேனாவைத் திறந்தார், துரை மட்டும் வரவில்லை. உயிரோடிருந்தபோதும் செத்த பிறகும் அரசாங்க உத்தரவை மீறாத மனிதர், ஆள்களோடு ஆளாக ஜீப்பில் ஏறிப் போய்விட்டார் என்பது அவளுக்குச் சட்டென்று புரிந்தது. உள்ளே வீடு காலியாகக் கிடந்தது. சந்தோஷத்தில் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் செக் மொழி இருந்தது. இத்தனை நாள் குடியிருந்தவர் போகும்போது சாமானில் பாதியை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

சிவக்கொழுந்து முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். துரை வந்துவிட்டாரா என்று செக்கில் கேட்டார். இல்லை என்று தமிழில் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார், ஆற்றி வைத்த காப்பியும் அவரோடு போய்விடும். குஞ்சம்மாள் தொண்டையைக் கனைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வந்துவிட்டேன் என்றாள்.

மூன்று அத்தியாயங்கள் பாக்கியிருந்தன. துரையின் வழக்கப்படியே, எழுதியவனுக்கு முடிக்கத் தெரியவில்லை, நான் சொல்வதை எழுதிக்கொள் என்றாள். அச்சடித்த புத்தகத்தில் பல வருஷம் கழித்துக் கப்பலிலிருந்து திரும்பி வரும் புருஷனை அந்தப் பீர் ஆலைக்காரி கட்டிக்கொண்டு அழுது உள்ளே கூட்டிப்போகிறாள். குஞ்சம்மாள் சொன்ன கதையில் அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தபடியே, யார் நீ, எந்த ஊர், என்ன வேண்டும் என்று கேட்கிறாள். அவனுக்கு மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லத் தெரியவில்லை. பனியில் நின்று யோசிக்கிறான். அவள் அடுப்பை மூட்டி, ஊறலைக் கிளறி, வேலையைப் பார்க்கிறாள். சிவக்கொழுந்து எழுதிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரை உயிரோடிருந்தபோதுகூட இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை என்றார். அதை முடிக்க ஆன மூன்று வாரமும் குஞ்சம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் அரிசி களையும்போதும் அடுத்த வரி ஓடிக்கொண்டே இருந்தது.

நாவல் முடிந்தது. சிவக்கொழுந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். உச்சிப்பொழுதில் சந்து முழுக்கக் கூடி நிற்க, அவளைப் புளியமரத்தடியில் உட்கார வைத்து, முடிக்கற்றையைப் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிய உடுக்கையை அடித்தார். என்ன வேண்டும், கேட்டு வாங்கிக்கொண்டு போ என்றார். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சத்தியம். பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் குஞ்சம்மாள் பழைய குஞ்சம்மாளாகவே இருந்திருப்பாள். ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“நீ எழுதிய தாள் அத்தனையையும் இங்கே கொண்டுவந்து கொளுத்து,” என்றாள் செக் மொழியில். “கொளுத்தினால் இப்போதே போகிறேன். இல்லாவிட்டால் இவளை விட மாட்டேன், இவள் எனக்கு.”

அவர் கொளுத்த வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அந்தக் கடைசி மூன்று அத்தியாயங்கள் அவளுக்கும் உயிர். அவர் கை தீப்பெட்டி இருக்கும் இடுப்புப் பக்கம் போனாலே போதும், பிடித்து நிறுத்திவிடலாம் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை உடுக்கையை விடவில்லை.

“என்ன கேக்குறாரு?” என்றாள் செபஸ்தியம்மாள்.

சிவக்கொழுந்து கூட்டத்தைப் பார்த்தார். “ஒரு கோழியும் ரெண்டு பாட்டில் பீரும் கேக்குறாரு,” என்று மொழிபெயர்த்தார்.

பிறகு குஞ்சம்மாள் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, அப்பழுக்கில்லாத செக் மொழியில், ஐயா, தங்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் இது அவசரத்தில் முடிவெடுக்கக் கூடிய காரியமில்லை, அடுத்த வெள்ளி வரை யோசிக்க அவகாசம் தாருங்கள் என்றார்.

குஞ்சம்மாளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. பேய்க்கு இரண்டும் வரும் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செபஸ்தியம்மாள் மட்டும் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூந்தலை அள்ளி முடிந்துவிட்டு, “வாங்க தொர, வெயில் தலைக்கேறுது, வீட்டுக்குப் போவோம்,” என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அடுத்த வெள்ளியும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, சிவக்கொழுந்து யோசித்துக்கொண்டே இருந்தார், குஞ்சம்மாள் திரும்பி வரவில்லை. துரையே நிரந்தரமாகத் தங்கிவிட்டார் என்று சந்து தீர்மானித்துக்கொண்டது. துரை உலை வைப்பதில்லை என்பதால் சிவக்கொழுந்து சமைத்தார், துரை துவைப்பதில்லை என்பதால் துவைத்தார். குஞ்சம்மாள் சாயங்காலம் வாய்க்கால் கரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள், டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். குருக்கள் கணக்கை மாற்றிப் பிரசாதத்தையே நிறுத்திவிட்டார். புத்தகம் அச்சாகி வந்ததும் கடைசி மூன்று அத்தியாயங்களைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். சென்னையில் கூட்டம் போட்டுக் கூப்பிட்டார்கள். சிவக்கொழுந்து போய், மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, துண்டு போர்த்திக்கொண்டு வந்தார்.

அப்புறம் ஒரு நாள், எழுத ஒன்றுமில்லாத ஒரு மத்தியானத்தில், அவர் வெறுங்கையோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். இளைத்திருந்தார். செக்கில் ஆரம்பித்தவர் பாதியிலேயே தமிழுக்கு வந்துவிட்டார், யாரிடம் பேசுகிறோம் என்பது மறந்துபோனதுபோல.

“உள்ள அவ இருந்தா ஒண்ணு கேட்டுச் சொல்லணுங்க,” என்றார்.

குஞ்சம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டால் போதும், அடுத்த நிமிஷம் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

“அவ வைக்கிற மோர்க்குழம்புக்கு என்னென்ன போடுவான்னு கேட்டுச் சொல்றீங்களா? நானும் வச்சுப் பாக்குறேன், திரிஞ்சு திரிஞ்சு போவுது.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஆகும் நேரம் அளவுக்குப் பேசாமல் இருந்தாள். பிறகு செக் மொழியில் சொல்ல ஆரம்பித்தாள்: துவரம்பருப்பும் கொஞ்சம் அரிசியும் ஊற வைக்க வேண்டும், தேங்காயும் பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்து நைய அரைக்க வேண்டும், மோர் புளித்திருக்க வேண்டும், நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக் கூடாது. சிவக்கொழுந்து ஒரு தாளை எடுத்துவந்து வரி வரியாகத் தமிழாக்கிக்கொண்டார். நுரை கூடுவது என்றால் எந்த அளவு என்று இரண்டு தடவை சந்தேகம் கேட்டார். பிறகு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் பாத்திரத்தை உருட்டினார்.

இலை போட்டுப் பரிமாறிவிட்டுத் தாமும் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். வாய் அசைவது நின்றது. கண் கலங்கியது.

“மூலத்துல இருக்கற ருசி வரலீங்க, தொர,” என்றார்.

மூலம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், பாவமாகத்தான் இருந்தது. குழம்பு லேசாகத் திரிந்துதான் இருந்தது, உப்பும் ஒரு கல் தூக்கல். ஆனால் வாழ்க்கையில் அவளுக்கென்று இன்னொருத்தர் வைத்து இலையில் ஊற்றிய முதல் மோர்க்குழம்பு அது. அவள் சோற்றை நடுவில் குழித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள், செக் மொழியில்.